ராணி குட்டி ஈன்ற இரவு

எங்கள் வீட்டு நாய் ராணி முதன்முறை குட்டி ஈன்றபோது நாங்கள் ஏதும் அறியாதவர்களாய் இருந்தோம். இரண்டு குட்டிகள் பிறந்தபின்னரும் அது நெடுநேரம் முக்கிக்கொண்டே இருந்தது. "நாய்க்கு யார் பிரசவம் பார்ப்பார்கள்? அது தானே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு உறங்கச் சென்றோம். விடிந்தபோது மூன்றாவது குட்டி உயிரற்றுக் கிடந்தது. ராணி அதை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தது. "நீங்கள் ஏன் பக்கத்தில் இருக்கவில்லை?" என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். எங்களால் விடை கூற இயலவில்லை.

மறுமுறை ராணி சினையுற்றபோது, அறியவேண்டியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிந்தோம். அவற்றை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். சில நாட்கள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்திற்கு முன்னரே, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், ராணி கால் நீட்டிப் படுக்கத்தக்க மரப்பெட்டி ஒன்றை வைத்துப் பழைய வேட்டிகளை விரித்தோம். நாள்தோறும் இருமுறை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து உடல்வெப்பம் பார்த்தோம். அது 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்குமாயின், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டிகள் பிறக்கும்.

அவ்வாறே ஒருநாள் காலையில் வெப்பம் இறங்கியது. பிற்பகலில் ராணி உணவை மறுத்தது, மூச்சிரைத்தது, நடுங்கியது, துணிகளைப் பிறாண்டியது. இந்த முதற்கட்டம் 6 முதல் 12 மணிநேரம், சிலவேளை அதற்கு மேலும் நீடிக்கும். அப்போது நாம் செய்யத்தக்க பேருதவி தொந்தரவு செய்யாதிருத்தலே. பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்திருந்தோம்.

இரவு பத்து மணிக்கு முதற்குட்டி பிறந்தது. ராணியே பனிக்குடத்தைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, குட்டியை நக்கித் தூய்மை செய்தது. நாங்கள் கை வைக்கவில்லை. பிறந்த நேரத்தை மட்டும் ஏட்டில் குறித்தோம். இரண்டாவது குட்டியை அது நக்கிக்கொண்டிருந்தபோதே மூன்றாவதும் வந்துவிட்டது. அதன் முகத்தைப் பனிக்குடம் மூடியிருந்தது. இத்தருணத்தில் தாமதித்தல் ஆகாது. தூய கையால் அதைக் கிழித்து, மூக்கிலும் வாயிலும் இருந்த சளியைத் துடைத்து, தலை சற்றுத் தாழ்ந்திருக்கப் பிடித்து, உலர்ந்த துண்டால் உடலைத் தேய்த்தோம். சற்று நேரத்தில் 'கீச்' என்றது குட்டி! வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் கொதிநீரில் இட்ட நூலால் கொடியைக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டினோம். குட்டியைத் தலைகீழாய் வீசி ஆட்டும் பழைய வழக்கம் மூளைக்குக் கேடு, அதனைத் தவிர்க்கவேண்டும்.

அதன்பின் ராணி மீண்டும் பலமாக முக்கத் தொடங்கியது. அரைமணி கடந்தும் குட்டி வரவில்லை. இம்முறை நாங்கள் உறங்கவில்லை. பிறந்த குட்டிகளைத் துணியில் சுற்றி, ராணியோடு மருத்துவரிடம் விரைந்தோம். தலை திரும்பியிருந்த குட்டியை அவர் பதமாகச் சரிசெய்து உயிரோடு வெளிக்கொணர்ந்தார்.

அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிடினும், குட்டிகள் மீதமிருக்க இரண்டு மணிநேரத்திற்கு மேல் இடைவெளி ஏற்படினும், முதற்குட்டிக்கு முன்னரே கரும்பச்சை நீர் வடியினும் மருத்துவரை உடனே நாடவேண்டும். நாமே குட்டியை இழுப்பதும், கடையில் ஊசிமருந்து வாங்கிப் போடுவதும் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிறந்த குட்டிகளுக்குத் தம் உடல்வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. குளிர் பட்டால் இறந்துவிடும். முதல் நாளிலேயே ஒவ்வொன்றும் சீம்பால் அருந்துகிறதா என்று கவனித்தல் வேண்டும். பின்வரும் வாரங்களில் தாய்க்கு நடுக்கமோ கால் விறைப்போ கண்டால், அது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் நேரும் அபாயம். அதற்கும் உடனடிச் சிகிச்சை தேவை.

விடியற்காலையில் நான்கு குட்டிகளும் வரிசையாய்ப் பால் குடிப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அன்று எங்களிடம் அவர்கள் கேள்வி ஏதும் கேட்கவில்லை. எட்டு வாரங்கள் தாயோடு வளர்த்தபின், அன்புள்ள இல்லங்களில் மட்டுமே குட்டிகளை ஒப்படைத்தோம். இனி இல்லங்கள் தேடித்தர இயலாதென உணர்ந்து, பின்னர் ராணிக்குக் கருத்தடை அறுவையும் செய்வித்தோம். வாயில்லா உயிரை வீட்டில் வளர்ப்போர்க்கு, அதன் துன்பவேளையில் விழித்திருப்பதும் கடமையே.