அடுப்பும் வேண்டாம், ஓவனும் வேண்டாம்... பண்டிகைக்கு ஜில்லுனு எலுமிச்சை புட்டிங்!

சடையங்குப்பம்:-

ஈஸ்டரும் சித்திரை முதல் நாளும் வெயில் நேரத்தில்தான் வருகின்றன. அந்த அனலில் அடுப்படியில் நின்று பாயசம் கிண்டுவது லேசுப்பட்ட காரியமா? சடையங்குப்பம், மணலி, எண்ணூர் பகுதி இல்லத்தரசிகள் பிரிட்ஜ் மட்டும் இருந்தால் எலுமிச்சை புட்டிங் செய்து அசத்தலாம்.

மேரி பிஸ்கட் ஒரு பாக்கெட், கன்டென்ஸ்டு மில்க் ஒரு டின் (400 கிராம்), பிரெஷ் கிரீம் 200 மி.லி., எலுமிச்சை 5 அல்லது 6 தேவை.

கன்டென்ஸ்டு மில்க்கையும் கிரீமையும் கலந்து, கொட்டை நீக்கிய எலுமிச்சை சாறு 100 மி.லி. ஊற்றிக் கலக்கினால், கலவை தானாகவே கெட்டியாகும். பால் புரதத்தை புளிப்பு இறுக்கிப் பிடிப்பதே காரணம். முட்டை, ஜெலட்டின் எதுவும் வேண்டாம்.

கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் பிஸ்கட் ஒரு அடுக்கு, கலவை ஒரு அடுக்கு என மாற்றி மாற்றி வைத்து, 4 மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. புளிப்பு அதை அரிக்கும். தோல் துருவிப் போட்டால் வாசனை தூக்கும். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும்.

முக்கியமான விஷயம் கரண்ட் கட். பிரிட்ஜை திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். வெளியே எடுத்து 2 மணி நேரத்துக்கு மேல் ஆனதை குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். நாற்றம் இல்லாவிட்டாலும் கிருமி பெருகியிருக்கும். செலவை விட வயிறு முக்கியம்!