செம்மணல் தேரி, சாம்பல் வெளி

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழியைத் தாண்டினால் குதிரைமொழித் தேரி தொடங்கிவிடும். செம்மணல் மேடுகள், நடுநடுவே பனை, உடைமரம், கொல்லாமரம். சைக்கிளில் கூடாரத்தையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டு, தனியாளாகப் பாலை நிலம் ஒன்றைச் சுற்றிவர விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காப்புக்காட்டுப் பகுதிகளில் நுழையவும் இரவு தங்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

வடசென்னையிலிருந்து இங்கே வர அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆனால் எண்ணூருக்கு வடக்கே, அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கம் போனாலே பாலைவனம் போலத் தோன்றும் வேறொரு வெளி கண்ணில் படும். அது அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டப்பட்ட இடம். தேரியையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நிலம் எதனால் உயிர் வாழ்கிறது, எதனால் சாகிறது என்பது விளங்கும்.

மணலில் உருளும் சக்கரம்

காய்ந்த மணலில் சைக்கிள் ஏன் புதைகிறது? மணல்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. சக்கரம் அழுத்தியதும் பக்கவாட்டில் நழுவி ஓடுகின்றன. ஆகவே சக்கரம் ஒவ்வொரு நொடியும் தான் தோண்டிய பள்ளத்திலிருந்தே ஏறிவர வேண்டியிருக்கிறது. தார்ச்சாலையில் தேவைப்படும் உழைப்பைப் போலப் பல மடங்கு இங்கே செலவாகும்.

இதற்குத் தீர்வு டயரின் காற்றைக் குறைப்பது. பின்சக்கரத்தின் மேல் 55 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 26 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. ஆக்கினால் பரப்பு மூன்று மடங்காகி 78 சதுர சென்டிமீட்டரைத் தொடும். எடை பரவுவதால் மணல் தாங்குகிறது. 4 அங்குல அகல டயர்கள் இந்தக் குறைந்த அழுத்தத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எடையைத் தாங்குவது ரப்பரைவிட அதற்குள் அடைபட்ட காற்றுதான். 

நேரமும் முக்கியம். இரவுப் பனி இறங்கிய மணலில் துகள்களுக்கு நடுவே நீர்ப்படலம் உருவாகி, அதன் பரப்பு இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். விடியற்காலையில் உருண்ட சக்கரம் பதினொரு மணிக்கு அதே இடத்தில் புதைவது இதனால்தான்.

உடம்பின் தண்ணீர்க் கணக்கு

மிதிப்பவரின் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. 100 வாட் திறனில் மிதித்தால் 300 வாட் வெப்பமாக உடலிலேயே தங்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். கணக்குப் போட்டால் உழைப்பு வெப்பத்தை வெளியேற்ற மட்டும் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் வேண்டும். தலைமேல் வெயிலும், கீழே கொதிக்கும் மணலும் இதைக் கூட்டும்.

எண்ணூர்க் கடற்கரையில் வியர்வை சட்டையை நனைக்கும். காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் ஆவியாகாது, உடலும் குளிராது. தேரியில் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை நேர்மாறு. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். எவ்வளவு நீரை இழந்தோம் என்பது தெரியாமல் போவதுதான் அங்கே ஆபத்து. ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். உப்புப் போட்ட நீராகாரம் இதற்கு நல்ல பதில்.  

தேரிக்கு அடியில் ஈரம்

ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் குறைந்த நிலத்தைத்தான் பாலைவனம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். தேரி இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 650 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆகவே பாலை போலத் தோன்றினாலும் தேரி உண்மையில் பாலைவனம் இல்லை. அந்த மழை ஓடிவிடாமல் மணலுக்குள் இறங்கிவிடுகிறது. மேல்மணல் காய்ந்து, கீழே உள்ள ஈரத்தை வெயில் உறிஞ்சாமல் மூடிக் காக்கிறது. தேரியின் தாழ்வான ஓரங்களில் சுனைகள் ஊறுவது இதனால்தான். இரும்புத் தாதுக்கள் நாள்பட்டுச் சிதைந்து துகள்களின் மேல் ஹேமடைட் பூச்சாகப் படிந்ததே சிவப்பு நிறத்துக்குக் காரணம். இந்தப் பகுதித் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் எஃப்.இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் விரிவாக எழுதினார்கள். கற்கால வேட்டைக்காரர்கள் தங்கிச் சென்ற நிலம் இது.

எண்ணூரின் சாம்பல்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆறும் கழியும் கடலும் கூடுகின்றன. இங்கே வறண்ட வெளி உருவாக இயற்கையில் ஒரு காரணமும் இல்லை. அதை உருவாக்கியது அனல்மின் நிலையங்களில் எரிக்கும் நிலக்கரிதான். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல். எரித்த பிறகு அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கசிந்த சாம்பல் ஆற்றிலும் கழியிலும் படிந்தது. படகு மிதந்த இடங்களில் ஆழம் குறைந்தது. இறாலும் நண்டும் நம்பி வாழ்ந்த மீனவர்களின் பாடு சிதைந்தது.

சாம்பல் துகள் மணலைவிட மிக நுண்ணியது. பெரும்பாலும் கண்ணாடி போன்ற உருண்டைகள். அதில் நைட்ரஜனும் மக்கிய பொருளும் மிகக் குறைவு. காய்ந்தால் சிறு காற்றுக்கே எழும்பி நுரையீரலின் ஆழம்வரை போகும். சாகசம் தேடி இந்த வெளியில் யாரும் சக்கரம் உருட்ட வேண்டாம். பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்கோ அந்தக் காற்றை விட்டால் வேறு காற்று இல்லை.

எண்ணூர்க் கழியிலிருந்து சாம்பலை அகற்றத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் உத்தரவிட்டது. அதை முழுமையாகச் செய்து முடிக்க வேண்டும். தேரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று கட்டிய நிலம். அதை மண் அள்ளாமல் விட்டுவைத்தாலே போதும். எண்ணூர் வெளி சில பத்தாண்டுகளில் நாம் கொட்டியது. மழையும் ஆறும் அலையேற்றமும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சாம்பலை அள்ளிவிட்டால் கழியை மீட்கும் வேலையில் அவையும் நம்மோடு சேர்ந்துகொள்ளும்.