மேடைக்கு எதிரே – 17: இது எங்கள் கணக்கு

1971. கனடாவின் வான்கூவர் நகரில் லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் கச்சேரி. கூட்டத்துக்கு நடுவே ஏதோ கருவி இருப்பதை மேனேஜர் பீட்டர் கிராண்ட் பார்த்துவிட்டார். திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறார்கள் என்று முடிவுகட்டி, ஆட்களோடு போய் அதை நொறுக்கித் தள்ளினார். பிறகுதான் தெரிந்தது, அரங்கில் சத்தம் எவ்வளவு என்று அளக்க வந்த அதிகாரிகளின் கருவி அது.

அந்தக் காலத்து ராக் குழுக்கள் பலவற்றுக்கு ரசிகன் கையில் இருக்கும் எந்தப் பெட்டியும் எதிரிதான். படம் எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் குழுவின் வேலை. சொல்கிற நாளில் தியேட்டருக்கு வருவது ரசிகனின் வேலை. இதே லெட் செப்பெலின் 1973 ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடுத்த கச்சேரிப் படம் திரைக்கு வர 1976 அக்டோபர் ஆயிற்று. எடுத்ததில் நடுநடுவே துண்டுகள் விட்டுப்போயிருந்தன. இங்கிலாந்தில் ஒரு ஸ்டுடியோவில் மேடை போட்டு, விட்ட இடங்களை மறுபடி நடித்து நிரப்பினார்கள். பாஸ் கிதார் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் அதற்குள் முடியை வெட்டிவிட்டதால், விக் வைத்துக்கொண்டு நின்றார். 2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் அவர்கள் மீண்டும் கூடி வாசித்த அந்த இரவும் படமாக வெளிவந்தது 2012-ல்தான். டிக்கெட் கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் ஐந்து வருடம் காத்திருந்தார்கள்.

வேறு மாதிரி யோசித்தவர்களும் உண்டு. கிரேட்ஃபுல் டெட் குழு 1984-ல், ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே மிக்ஸிங் மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கிவிட்டது. மைக் கம்பங்களை நட்டுக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் பதிவு செய்யலாம். 2004 அக்டோபரில், அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழு தன் ரசிகர்கள் ஐம்பது பேர் கையில் கேமராவைக் கொடுத்து, இஷ்டம்போல எடுக்கச் சொன்னது. ஆனால் வெட்டி ஒட்டும் கத்தரி மட்டும் குழுவின் கையிலேயே இருந்தது.

அந்தக் கத்தரியும் கைமாறிய கதைதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

2009 ஆகஸ்ட் 23. செக் நாட்டுத் தலைநகர் பிராக். ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் கச்சேரி. குழு அங்கே படம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கவில்லை. ரசிகர்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, சட்டைப்பையில் அடங்கும் ஃபிளிப் கேமராக்களோடு கூட்டத்தில் ஆங்காங்கே நின்றார்கள். சுமார் ஐம்பது பேர். கச்சேரி முடிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம்.

ஐம்பது கேமரா என்றால் ஐம்பது விதமான சத்தம். சின்ன மைக், ஸ்பீக்கரின் அதிர்வு தாங்காமல் கிழிந்து ஒலிக்கும். பக்கத்தில் நிற்பவர் கூடவே பாடுவதும் அதில் விழும். எல்லோரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்தியிருக்கவும் மாட்டார்கள். இதையெல்லாம் ஒரு நூலில் கோக்க, டிரம்மில் விழும் ஓர் அடியைத் தேட வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் ஒலி அலை கோடாக ஓடும்போது அந்த அடி மட்டும் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். ஒரு கேமராவின் ஊசியை இன்னொரு கேமராவின் ஊசிக்கு நேராக நகர்த்தி நிறுத்த வேண்டும். அதோடும் தீராது. ஒவ்வொரு கேமராவின் உள்கடிகாரமும் மயிரிழை வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். பாட்டு தொடங்கும்போது பொருந்தி நின்ற உதடு, முடியும்போது பின்தங்கிவிடும். மறுபடி வெட்டு, மறுபடி நகர்த்து. யாரும் சம்பளம் தராத வேலை இது.

செய்தி ரேடியோஹெட் காதுக்குப் போனது. வக்கீல் நோட்டீஸ் வரவில்லை. அந்த இரவின் மூல ஒலிப்பதிவையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்! ரசிகன் கண்ணால் பார்த்ததும் மேடையிலிருந்து நேராக வந்த ஒலியும் ஒன்றாகச் சேர்ந்தன. 2010 செப்டம்பரில் படம் இலவசமாக வெளிவந்தது. விற்கக் கூடாது, பகிரலாம் என்பதே ஏற்பாடு.

நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிரேனில் மிதந்துவரும் கேமரா மேடையை அழகாகக் காட்டும், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்குள் நின்று எடுத்தவரின் கை நடுங்குகிறது, முன்னால் நிற்பவர் தலை மறைக்கிறது, அதைத் தாண்டி எட்டிப் பார்க்கிறோம். கச்சேரிக்குப் போனவருக்குத் தெரியும், நாம் பார்ப்பது அப்படித்தான். அந்த நடுக்கம் எனக்கு வேண்டும்.

பிராக் கச்சேரிக்குச் சில மாதங்கள் முன்பே, 2009 ஜனவரியில், அமெரிக்காவின் நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் இன்னும் துணிந்துவிட்டார். மூன்று ஊர்களில் எடுத்திருந்த கச்சேரிக் காட்சிகளை வெட்டாமல், ஒட்டாமல், அப்படியே இணையத்தில் திறந்துவிட்டார். 400 ஜிபிக்கு மேல். சாதாரண டிவிடியில் ஏற்றினால் 80-ஐத் தாண்டும். அன்றைய இணைய வேகத்தில் அதை இறக்கவே நாள்கணக்கில் ஆகும். ரசிகர்கள் இறக்கினார்கள். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரு வருட உழைப்பில் முழுநீளப் படம் தயாராகி, அதுவும் இலவசமாகவே வந்தது.

அந்த ரசிகர்கள் தங்கள் அணிக்கு வைத்துக்கொண்ட பெயரைச் சொல்ல வேண்டும். 2008 மே மாதம் ரெஸ்னர் ஒரு முழு ஆல்பத்தையே இலவசமாகக் கொடுத்திருந்தார். ஓட்டலில் நண்பர்களை முந்திக்கொண்டு பில்லை எடுப்பவர் சொல்வாரே, அப்படி, ‘இது என் கணக்கு’ என்று கூடவே ஒரு வரி எழுதியிருந்தார். படத்தை வெட்டி ஒட்டிய அணியின் பெயர், ‘திஸ் ஒன் இஸ் ஆன் அஸ்’. இது எங்கள் கணக்கு.

(தொடரும்)