இரைப்பை வளையமும் சோற்றுக் கவளமும்

2008 டிசம்பரில் மாரடோனா கல்கத்தாவுக்கு வந்தபோது ஸால்ட் லேக் அரங்கமே நிரம்பி வழிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு உடல் ஊதி, மூச்சு வாங்க நின்ற மனிதர் அவர். 2005 மார்ச்சில் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட பிறகுதான் இளைத்தார். நம் நாட்டில் நிதின் கட்கரி 2011லும், அருண் ஜெய்ட்லி 2014லும் எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டது பெரிய செய்தியானது. அதன் பிறகு நம் வீடுகளிலும் "ஒரு ஆபரேஷன் பண்ணிண்டா போதும், தானா குறைஞ்சுடும்" என்ற பேச்சு சகஜமாகிவிட்டது.

அந்தத் 'தானா' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இவ்வகை அறுவைகளில் ஒன்றான இரைப்பை வளையத்துக்கு அந்தச் சொல் சிறிதும் பொருந்தாது. வளையம் போட்டுக்கொண்டவர் மறுபடி சாப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டும். சோறு பிசைந்து சாப்பிட்டே வளர்ந்த நமக்கு அந்தப் பாடம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கடினம்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கான் வளையம் ஒன்றை இடுப்புக்கு ஒட்டியாணம் கட்டுவதுபோல் மாட்டிவிடுகிறார்கள். வளையத்துக்கு மேலே நாலைந்து தேக்கரண்டி கொள்ளும் ஒரு சின்னப் பை உருவாகிறது. கீழே பழைய இரைப்பை அப்படியே இருக்கிறது. வளையத்தின் உட்புறம் பலூன் போன்றது. அதிலிருந்து வரும் மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த பொத்தான் போன்ற ஒரு கருவியில் முடிகிறது. அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இவ்வாறு கூட்டிக் குறைக்கும் வளையத்தை அமெரிக்காவில் டாக்டர் குஸ்மாக் 1986ல் பொருத்தினார். பெல்ஜியத்தில் டாக்டர் பெலச்சூ 1993ல் அதையே சிறு துளைகள் வழியாக, லாப்ராஸ்கோப்பி முறையில் செய்தார். 2001ல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. அடுத்த பத்து ஆண்டுகள் வளையத்துக்குப் பொற்காலம் என்றே சொல்லலாம்.

பைபாஸில் குடலின் பாதையே மாற்றப்படுகிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதி வெட்டி எடுக்கப்படுகிறது. வளையத்தில் எதையும் வெட்டுவதில்லை. செரிமானம் முன்போலவே நடக்கிறது, உள்ளே போனதெல்லாம் முழுதாக உடம்பில் சேருகிறது. வளையம் செய்வது ஒன்றே ஒன்று: கொஞ்சம் சாப்பிட்டதுமே 'போதும்' என்ற உணர்வைத் தந்து, அடுத்த பசியைத் தள்ளிப்போடுகிறது. அந்த உணர்வுக்குக் காது கொடுப்பவர் இளைக்கிறார். கொடுக்காதவருக்கு வளையம் இருந்தும் பயனில்லை.

அறுவைக்குப் பின் முதல் ஒன்றிரண்டு வாரம் திரவம் மட்டுமே. பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், நீர்மோர், சர்க்கரை போடாத பால் என்று மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். பிறகு சில வாரம் மசித்த உணவு. அதன் பின் மெத்தென்றிருப்பவை. ஏறக்குறைய ஆறாவது வாரத்தில்தான் திட உணவு. வளையம் தன் இடத்தில் ஆறி நிலைபெற இந்தப் பொறுமை தேவை. அவசரப்பட்டு வாந்தி எடுத்தால் வளையம் நழுவக்கூடும். முதல் முறை உப்புநீர் ஏற்றுவதும் ஏறக்குறைய இந்த ஆறாவது வாரத்தையொட்டித்தான். அதற்கு முன்னால் "எனக்கு நல்லாப் பசிக்கிறதே, ஆபரேஷன் ஃபெயிலா?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம், வளையம் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இனி சோற்றுக்கு வருவோம். நாம் சோற்றை மெல்லுகிறோமா? ரசம் சாதத்தையும் தயிர் சாதத்தையும் யாரும் மென்று நான் பார்த்ததில்லை. குழையப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டதும் தொண்டைக்குள் இறக்கிவிடுகிறோம். மெல்லும் வேலையை விரல்களே செய்துவிடுகின்றன! சாதாரண இரைப்பைக்கு இதனால் கெடுதல் இல்லை. வளையத்துக்கு மேலே உள்ள சின்னப் பையில் இந்தக் கவளம் விழும்போது கதையே வேறு. குழைந்த சோறு ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகி, குறுகிய வாயிலில் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு நடுவில் கல் வைத்தாற்போல் வலி, வாயில் நுரைநுரையாக எச்சில், கடைசியில் சாப்பிட்டதே திரும்பி வரும். புதிய பிரெட், பரோட்டா, இங்கத்து லுச்சி எல்லாம் இதே ஜாதி. நார் மிகுந்த கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், நன்றாக வேகாத ஆட்டிறைச்சி ஆகியவையும் தொந்தரவு தருபவை.

ஆகவே முதல் மாறுதல் கையில் தொடங்க வேண்டும். கவளம் கொண்டைக்கடலை அளவு. தேக்கரண்டியால் சாப்பிடுவது நல்லது, அதுவும் குழந்தைக்கு ஊட்டும் சின்னக் கரண்டி. ஒவ்வொரு வாயையும் இருபது தடவையாவது மென்று, விழுங்கிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்து, சற்றுப் பொறுத்து அடுத்ததை எடுக்க வேண்டும். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அதற்குள் முடியாததை எடுத்து வைத்துவிடலாம். தட்டைக் காலி செய்யாவிட்டால் அன்னலட்சுமி கோபிப்பாள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வழி, பரிமாறும்போதே கொஞ்சமாகப் பரிமாறுவது.

இரண்டாவது மாறுதல் தண்ணீர். பக்கத்தில் டம்ளரோடு உட்காருவது நம் வழக்கம். வளையம் உள்ளவர் சாப்பிடும்போதும், அதன் பின் அரை மணி நேரமாவது நீர் அருந்தக் கூடாது. நீர் சேர்ந்தால் உணவு கரைந்து கீழே ஓடிவிடும், பை காலியாகும், பசி திரும்பும். ரசத்தையும் மோரையும் சோற்றில் ஊற்றிக்கொள்வதும் கிட்டத்தட்ட அதே காரியம்தான். ரசத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகக் குடித்துவிடுவது மேல். சோடா, கோலா வகைகளை மறந்துவிடலாம்.

வங்காளிகள் சாப்பிடும் முறை இங்கே நமக்கு உதவுகிறது. ஷுக்தோ, பருப்பு, காய், மீன், சட்னி, கடைசியில் இனிப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே, நிதானமாக உண்கிறார்கள். எல்லாவற்றையும் இலையில் ஒன்றாகக் கலக்கும் பழக்கத்தைவிட வளையத்துக்கு இது இசைவானது. அதிலும் வரிசையை மாற்றி, புரதத்தை முதலில் வைத்துக்கொண்டால் உத்தமம். நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்கத்தாவில் கவலையே இல்லை. முள் நீக்கிய பாப்தா மீன் குழம்பு பூப்போல உதிரும். சைவர்களுக்குப் பாசிப்பருப்பு, கெட்டித் தயிர், பால்காரரிடம் கிடைக்கும் புதிய சானா உண்டு. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்குவதை விட வேண்டாம், சதையை மட்டும் வழித்துச் சாப்பிடலாம். இட்லி? பாதி இட்லியை நன்றாக மென்று, சட்னி குறைவாக. முறுகலான தோசை பலருக்கு இட்லியைவிட எளிதாக இறங்குகிறது.

உண்மையான வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. வளையம் இறுகிவிட்டால் சப்பாத்தி இறங்காது, காய்கறி இறங்காது. ஆனால் மிஷ்டி தோய், ரசகுல்லாப் பாகு, பாயசம், ஐஸ்க்ரீம், மூன்று கரண்டி சர்க்கரை போட்ட காப்பி எல்லாம் தங்குதடையின்றி இறங்கும். முறுக்கும் சிப்ஸும் நொறுங்கி இறங்கிவிடும். நல்ல உணவு வலிக்கிறது, கெட்டது வலிக்காமல் போகிறது என்றால் மனிதர் எதை நாடுவார்? "ஒண்ணுமே சாப்பிடல, ஆனா வெயிட் ஏறறது" என்று புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் சாப்பிடவில்லை, குடிக்கிறார். இந்த நிலை வந்தால் அவரைக் கோபிப்பதில் பயனில்லை. பெரும்பாலும் வளையம் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். கொஞ்சம் உப்புநீரை எடுத்துத் தளர்த்தினால் திட உணவு மறுபடி இறங்கும்.

விருந்து இன்னொரு சோதனை. வங்காளி வீட்டுக் கல்யாணத்தில் "ஆர் ஏக்டு நின்" என்று கெஞ்சுவார்கள். நம் சங்கப் பொங்கல் பந்தியில் மாமிகள் கேட்கவே மாட்டார்கள், போட்டுவிட்டே நகர்வார்கள். அறுவை செய்துகொண்டதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர் மரியாதைக்காக இரண்டு வாய் அதிகம் விழுங்கி, பாதியில் எழுந்து குளியலறைக்கு ஓடுகிறார். பரிமாறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒருவர் போதும் என்று சொன்னால் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

இன்று புதிதாக வளையம் போடுவது மிகவும் குறைந்துவிட்டது. நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்தல், திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போக வேண்டியிருத்தல் ஆகியவற்றால் ஸ்லீவும் பைபாஸும் முன்னுக்கு வந்துவிட்டன. ஆனால் முன்பே போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சிகிச்சை முடிந்துவிடவில்லை. மாற்றலில் ஊர் ஊராகப் போகும் நம் போன்றவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. சென்னையில் போட்ட வளையத்தைக் கல்கத்தாவில் பார்க்கிற மருத்துவருக்கு அது எந்த நிறுவனத்துடையது, எத்தனை மில்லி உப்புநீர் ஏற்றியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தச் சீட்டை ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்துங்கள். ஊர் மாறுவதற்கு முன்பே புது ஊரில் இதைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்துவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், சாப்பாடு குறையும்போது அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பெரிய மாத்திரைகளை உடைக்கலாமா, பொடிக்கலாமா என்றும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வைட்டமின் மாத்திரை அனேகமாக ஆயுள் முழுதும். கர்ப்பம் தரித்தால் வளையத்தைத் தளர்த்த வேண்டியிருக்கலாம். இரவில் படுத்தால் இருமலும் புளித்த ஏப்பமும் வருவது, முன்பு இறங்கிய உணவு திடீரென்று இறங்காமல் போவது, இவை வளையம் இறுகியதற்கோ நழுவியதற்கோ அடையாளம். தண்ணீரே இறங்கவில்லை, அல்லது வயிற்றில் கடும் வலி என்றால் காலை வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு நடை தள்ளாடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, அது பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் வளையத்தையும் வாந்தியையும் பற்றிச் சொல்லிவிடுங்கள். பி1 ஊசியை முதலில் போட வேண்டியிருக்கும்.