பெட்டியில் 6000, கையில் எவ்வளவு?

கேமரன் மலையில் கொழுந்து மூட்டைகளோடு ஒரு லாரி வளைவு வளைவாக ஆலைக்கு இறங்குகிறது. ஆலையில் நிற்பவருக்கு இரண்டு கவலை. கேட்டதும் முதல் மூட்டை எப்போது வரும்? மணிக்கு எத்தனை மூட்டை சேரும்? பெரிய லாரி விட்டால் இரண்டாவது கவலை தீரும். முதல் மூட்டைக்கான காத்திருப்பு அப்படியேதான் இருக்கும்.

கணினியின் நினைவகமான ரேமிலும் இதே இரண்டு கவலைதான். அதன் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 6000 லாரியின் அளவு: விநாடிக்கு 600 கோடி முறை, முறைக்கு 8 பைட், ஆக ஒரு ரேமுக்கு விநாடிக்கு 48 ஜிபி. ஜோடியாக விற்பது செயலிக்குப் போகும் இரண்டு பாதையிலும் லாரி ஓடட்டும் என்றுதான். காத்திருப்போ பக்கத்தில் சிஎல் என்று, இரண்டு முறைக்கு ஒன்றாக அடிக்கும் கடிகாரத் துடிப்புகளின் கணக்கில், பொடி எழுத்தில் கிடக்கும். 6000-இல் சிஎல்30 என்றால் 10 நானோ விநாடி. சிஎல்40 என்றால் 13.3. பழைய டிடிஆர்4-3200 சிஎல்16-க்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 10தான்! ஆனால் செயலி கேட்டு, தரவு கைக்கு வந்து சேரும் முழு நேரம் இதைப்போலப் பல மடங்கு. அதைப் பெட்டி சொல்லாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது எப்படி என்பதைத் தேயிலைக்காரர்களிடம் கேட்கலாம். 1929-இல் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலேயே தேயிலை ருசி பார்ப்பது தனித் தொழில். 1980-இல் வந்த ஐஎஸ்ஓ 3103 தரநிலை அந்தச் சோதனைக்கு 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்று வரையறுத்தது. இதன் பிரிட்டிஷ் வடிவத்துக்கு 1999-இல் இக்நோபல் என்ற கேலிப் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூளைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தானே எந்தத் தூள் நல்லது என்று சொல்ல முடியும்?

நினைவகத்துக்கு அப்படியொரு அளவுகோலை 1991-இல் ஜான் மெக்கால்பின் எழுதினார், பெயர் ஸ்ட்ரீம். பெரிய எண் வரிசைகளை நகலெடுப்பது, பெருக்குவது, கூட்டுவது, அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு: ஒவ்வொரு வரிசையும் செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷைப்போல நாலு மடங்காவது இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் எல்லாம் கேஷுக்குள்ளேயே முடிந்து, ரேமைத் தொடாமலே அபாரமான எண் வந்துவிடும். இன்னொரு பொறி பயாஸில். அங்கே எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை இயக்காவிட்டால் 6000 ரேம்கள் பல 4800-இலேயே ஓடும். வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார்.

வெப்பத்தை மறக்கக்கூடாது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் கசியும் மின்னூட்டம். டிடிஆர்4-இல் 64 மில்லி விநாடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கெடு பாதியாகும். புதுப்பிக்கும் நேரத்தில் தரவு நகராது. மிகை வேகத்தில் கேமரன் மலையின் தானா ராத்தா இரவுக் குளிரில் பிசகாமல் ஓடிய ஜோடி, ஈப்போவின் மதிய வெயிலில் பிழை காட்டலாம். நாற்பது வரைபடம் போடும் ஒப்பீடுகளிலும் அறையின் வெப்பம் எத்தனை டிகிரி என்ற ஒற்றை வரியைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.