மூன்று நாள் கழித்து வந்த மருந்து

1942 நவம்பர் 28, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பற்றி எரிந்தது. முன்வாசலின் சுழல்கதவில் கூட்டம் சிக்கிக்கொண்டது. பக்கவாசல்களோ பூட்டிக் கிடந்தன. 492 பேர் மாண்டார்கள். தீக்காய சிகிச்சையைப் புரட்டிப்போட்ட விபத்து என்று இதைச் சொல்பவர்கள் உடனே பெனிசிலின் கதைக்குத் தாவிவிடுவார்கள். நியூ ஜெர்சியிலிருந்து மெர்க் நிறுவனம் 32 லிட்டர் பெனிசிலின் திரவத்தைப் போலீஸ் காவலோடு பாஸ்டனுக்கு அனுப்பியது உண்மை. சினிமாவுக்கு ஏற்ற காட்சிதான். ஆனால் அது வந்து சேர்வதற்குள் முதல் இரண்டு மூன்று நாட்கள் ஓடிவிட்டன. கொடுத்த அளவும் இன்றைய கணக்குக்குச் சொற்பம். உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு, பகட்டில்லாத வார்டு வேலைக்கே உரியது என்பேன்.

அன்றைய வழக்கமான வைத்தியம் டானிக் அமிலம். 1925 முதல் பரவிய முறை அது. வெந்த இடத்தைத் தேய்த்துக் கழுவி, கொப்புளங்களை அகற்றி, அமிலத்தைப் பூசிப் பொருக்குத் தட்டவைப்பார்கள். தேய்ப்பதற்கே பல நேரம் மயக்கமருந்து தேவைப்படும். பொருக்குக்கு அடியில் சீழ் கோத்தால் வெளியே தெரியாது. அமிலம் உடலில் கலந்து ஈரலையும் கெடுத்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஆலிவர் கோப் இதைக் கைவிட்டார். காயத்தைத் தேய்க்கவில்லை, கொப்புளத்தை உடைக்கவில்லை. போரிக் கலந்த வாசலின் தடவிய காஸ் துணியை வைத்து, மேலே அழுத்திக் கட்டி, நாட்கணக்கில் பிரிக்காமல் விட்டார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 114 பேரில் சிகிச்சைக்கு எஞ்சியது 39 பேர்தான். அவர்களைத் தனி வார்டில் வைத்து, முகமூடியும் கையுறையும் அணிந்து கவனித்தார்கள். கட்டு எளிதானால் நர்ஸுக்கு வேலை குறையும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. காயத்தைச் சுரண்டுவதில் கழிந்த நேரம் நோயாளியைப் பார்ப்பதற்குக் கிடைக்கிறது.

அந்தப் பார்வைதான் அடுத்த முன்னேற்றத்துக்கு அடிப்படை. பெரிய தீக்காயத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிந்துவிடும், ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் முடங்கும். பிளாஸ்மா ஏற்றினால் சமாளிக்கலாம். எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் சிக்கல். குறைந்தால் அதிர்ச்சியில் உயிர் போகும். மிகுந்தால், புகையில் ஏற்கெனவே வெந்த நுரையீரலில் நீர் கோக்கும். உடலில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்று பார்த்து ஏற்றும் கணக்கு இந்த அனுபவத்தில் கூர்மைப்பட்டது. கோப்பும் சக மருத்துவர் பிரான்சிஸ் மூரும் 1947இல் அதை ஒரு சூத்திரமாகவே வெளியிட்டார்கள். சூத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஆனால் நாடி, மூச்சு, உள்ளே போன நீர், வெளியே வந்த சிறுநீர் என்று இரவு பகலாக எழுதப்படும் அட்டவணை இல்லாமல் எந்தச் சூத்திரமும் நகராது. அவசர நேரத்தில் இந்தக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: வலி தணிக்கும் ‘மார்பின்’ என்ற மருந்தை ஊசியில் போட்டவர்களுக்கு மறுபடி போட்டுவிடக் கூடாதென்று, அவர்கள் நெற்றியில் லிப்ஸ்டிக்காலேயே ‘எம்’ என்று எழுதிவைத்தார்கள்.

முடிவெடுத்தவர்கள் மருத்துவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயம்தான், கோப்பின் துணிச்சல் இல்லையென்றால் டானிக் அமிலமே தொடர்ந்திருக்கும். போர்க்காலம் என்பதால் மருத்துவமனை பிளாஸ்மாவை முன்கூட்டியே சேமித்திருந்ததும் அதிர்ஷ்டம். ஆனால் பாஸ்டன் சிட்டி மருத்துவமனையில், பாதி உடலுக்கு மேல் வெந்த கடலோரக் காவல்படை வீரர் ஒருவர் சுமார் 21 மாதங்கள் படுக்கையில் இருந்து பிழைத்தெழுந்தார். தோல் ஒட்டும் அறுவை சிகிச்சைகள் பலமுறை நடந்தன; அறுவைக்கும் அறுவைக்கும் இடைப்பட்ட நாட்களில் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, கட்டு மாற்றி அவரை அடுத்த அறுவைவரை கொண்டுசேர்த்தது யார்? எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் இதே விபத்தில் தப்பியவர்களையும் உறவை இழந்தவர்களையும் கவனித்து 1944இல் துயரம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மனைவியைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற குற்ற உணர்வில் உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவர் அதில் வருகிறார். தோல் ஆறினாலே ஆள் பிழைத்தார் என்று கணக்கு எழுதிவிட முடியாதென்பது மருத்துவத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு, 1968இல், திரவம் ஏற்றும் அளவைக் கணக்கிடும் பார்க்லண்ட் சூத்திரம் டாலஸில் வந்தது. இன்றும் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது தருவதும் தொடக்க அளவை மட்டுமே. அடுத்த மணிக்கு டிரிப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை, நர்ஸ் அளந்து எழுதும் சிறுநீரின் அளவைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.