கைப்பிடிக்குள் ஒரு பட்டை

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா காலத்து வெப்லி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டல். அப்பாவுக்குப் பிறகு வாரிசு முறைப்படி விண்ணப்பித்து லைசன்ஸ் வாங்கிவிட்டாராம். ஆனால் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால் முழுசாக முன்னே வராமல் பாதியில் நின்றுவிடுகிறது. "ஸ்பேர் கிடைக்குமா? இல்லை, இங்கேயே லேத்தில் கொடுத்துச் செய்துகொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

லேத் பேச்சே வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உதிரிப்பாகத்தையும் ஆயுதம் என்றே கணக்கில் வைக்கிறது. அதைச் செய்யவும் விற்கவும், துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி லைசன்ஸ் வேண்டும். லேத்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வேலையை அவர் கையில் கொடுப்பது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

இனி பிஸ்டலுக்கு வருவோம். பர்மிங்காமில் இருந்த வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனியில் வில்லியம் ஜான் வைட்டிங் வடிவமைத்தது இது. 1911இல் லண்டன் மாநகரப் போலீஸ் இந்த .32ஐ எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு ஜனவரியில் லண்டனில், ஆயுதம் ஏந்திய கொள்ளையரைப் போலீஸ் சுற்றி வளைத்த சிட்னி தெரு முற்றுகைதான் அதற்குக் காரணம். 1940 வாக்கில் தயாரிப்பு நின்றுபோனது. ஆக, இன்று யார் கையில் இருந்தாலும் எண்பது வயதைத் தாண்டிய பிஸ்டல்தான்.

என்னை மிகவும் கவர்ந்தது இதன் ரீகாயில் ஸ்பிரிங். சுட்டதும் பின்னே பாயும் ஸ்லைடைத் தாங்கி, மறுபடி முன்னே தள்ளுவது அதன் வேலை. வாசகரின் ஸ்லைடு பாதியில் நிற்பதற்கும் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான பிஸ்டல்களில் அது சுருள் கம்பியாக, குழலைச் சுற்றியோ அதன் அடியிலோ இருக்கும். வெப்லியில் சுருளே கிடையாது. வலப்பக்கக் கைப்பிடித் தகட்டைக் கழற்றினால், உள்ளே தட்டையான எஃகுப் பட்டை ஒன்று ஆங்கில 'வி' எழுத்துபோல மடிந்து உட்கார்ந்திருக்கும். ஒரு நெம்புகோல் வழியாக அதன் விசை ஸ்லைடுக்குப் போகிறது.

நாமக்கல்லில் லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். லாரி ஸ்பிரிங் பட்டை எங்கே ஒடியும், ஏன் ஒடியும் என்று இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து எஃகு களைத்துப்போகும். விசை குவியும் இடத்தில் முடி போல ஒரு கீறல் விழும். ஒருநாள் பட்டென்று போகும். வெப்லியின் பட்டைக்கும் இதே கதிதான். அந்த 'வி'யின் மடிப்பில், உள்பக்கமாக, நல்ல வெளிச்சத்தில் பழுதுபார்ப்பவர் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கீறலின் தொடக்கம் தெரியும். துரு பிடித்த சின்னக் குழி இருந்தால் கீறல் அங்கிருந்தே கிளம்பும். விசை குறைந்த பட்டையோடு தொடர்ந்து சுட்டால் ஸ்லைடின் அடி முழுக்க பிரேமில் விழும். பட்டை போனால் மாற்றலாம். பிரேம் வெடித்தால் பிஸ்டலே போயிற்று.

ஸ்பேர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்துப் பாகங்களைப் பலவும் கையால் அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். ஒரு வெப்லியின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்காரும் என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்யும் அஷானி பிஸ்டலும் .32தான். தோட்டா ஒன்றாக இருப்பதால் பாகமும் சேரும் என்று நினைத்துவிடாதீர்கள், சேராது. பழுதாகிக் கழித்துக்கட்டிய பழைய வெப்லிகளிலிருந்து எடுத்த பாகங்களே வழி. லைசன்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ரீகாயில் பட்டை, பயரிங் பின், காலித் தோட்டாவை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், ஒரு மேகசின் ஆகியவை பில்லோடு கிடைத்தால் விடாதீர்கள். பொருத்துவது லைசன்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. கைப்பிடித் தகட்டைக்கூட நீங்களே திருகாதீர்கள். வல்கனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த தகடு வயதானால் பிஸ்கட்டாக நொறுங்கும்.

சுட்டுத் தேய்ந்த பிஸ்டல்களைவிட பீரோவில் கிடந்தே கெட்டவைதான் நம் ஊரில் அதிகம் என்பது என் எண்ணம். தோல் உறையில் போட்டு ஆண்டுக்கணக்கில் வைப்பார்கள். தோல் ஈரத்தை இழுத்து எஃகின்மேல் ஒட்டிவைக்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம். துடைக்காமல், எண்ணெய் காட்டாமல் கொடுத்துவிட்டு, மாதங்கள் கழித்துத் திரும்ப வாங்கி அப்படியே பூட்டிவிடுகிறோம். லாரிக்குக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கு காட்டினால் போதும். துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, தோல் உறைக்கு வெளியே, தோட்டா வேறு பிஸ்டல் வேறாகப் பூட்டி வையுங்கள்.

வாசகருக்குக் கடைசியாக ஒன்று. பட்டை மாறும்வரை அதில் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். தேடியும் சரியான பாகம் கிடைக்காவிட்டால், லைசன்ஸ் அதிகாரியிடம் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு அதை ஒப்படைப்பதே நல்லது. தாத்தாவின் நினைவுக்கு அவருடைய போட்டோ போதும். நம்ப முடியாத பிஸ்டலை வீட்டில் வைத்திருப்பது பெருமையும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது.